ஹார்லெமில் ஒரு நாள்: தேதி குறிப்பதிலிருந்து திரும்ப ரயில் ஏறும் வரை

நியூயார்க்கில் கறுப்பின மக்களின் வட்டாரமான ஹார்லெமுக்கு முதல் முறை நான் போனது ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை. கறுப்பின வரலாற்று மாதமாயிற்றே, தெருவெல்லாம் களைகட்டியிருக்கும் என்று நினைத்துப் போனேன். காது மரத்துப்போனதுதான் மிச்சம். பார்த்தே ஆகவேண்டும் என்று குறித்து வைத்திருந்த நூலகத்துக்கு ஞாயிறு விடுமுறை. தேவாலயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வாசல் அடைத்துவிட்டார்கள். ஒரு கடையில் உட்கார்ந்து வறுத்த கோழி தின்றுவிட்டு வீடு திரும்பினேன்.

அதற்கப்புறம் பலமுறை போய்விட்டேன், ஊரிலிருந்து வந்த அப்பாவையும் ஒரு முறை கூட்டிக்கொண்டு. நியூயார்க்குக்கு வருகிற நம்மாட்கள் சுதந்திரதேவி சிலை, டைம்ஸ் சதுக்கம் என்று முடித்துக்கொள்கிறார்கள். ஹார்லெமுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக, நான் செய்த தப்புகளைக் கழித்துவிட்டு இந்த வரிசையை எழுதுகிறேன்.

1. முதலில் தேதி

தேதியைச் சரியாகக் குறித்தால் பாதி வேலை முடிந்தது. பிப்ரவரியில் போகும் ஹார்லெமும் ஆகஸ்டில் போகும் ஹார்லெமும் வேறு வேறு.

பிப்ரவரி எப்படி வந்தது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கார்ட்டர் ஜி. உட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926இல் ‘நீக்ரோ வரலாற்று வாரம்’ என்று ஒன்றைத் தொடங்கினார். லிங்கனின் பிறந்தநாள் பிப்ரவரி 12. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து எழுத்தாளரும் பேச்சாளருமான ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாளாகக் கொண்டாடுவது 14. இந்த இரண்டு நாளையும் கறுப்பின மக்கள் ஏற்கெனவே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒரு நாளைத் திணிக்காமல், இருக்கிற பழக்கத்தின் மேலேயே உட்சன் தன் வாரத்தை ஏற்றி வைத்தார். அது 1976இல் மாதமாக வளர்ந்தது, அதிபர் ஃபோர்டும் அங்கீகரித்தார். கெட்டிக்கார ஏற்பாடுதான், ஆனால் வாடைக்காற்று அடிக்கிற மாதம். அதனால் பிப்ரவரி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் கூரைக்குள் நடக்கும்: உரை, கண்காட்சி, வாசிப்பு, இசை. உங்களுக்குப் பிடித்தது இதுதான் என்றால் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போங்கள். நூலகம், அருங்காட்சியகம் இரண்டும் கிடைக்கும்.

தெருவில் நடப்பதைப் பார்க்க வேண்டுமா, வெயில் காலத்துக்குக் காத்திருங்கள். ஜூன் 19 ஜூன்டீன்த். அடிமைமுறை ஒழிந்துவிட்டது என்ற சேதி 1865இல் டெக்சாஸின் கால்வெஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்த நாள் அது. 2021 முதல் நாடு முழுவதும் அரசு விடுமுறை. ஆகஸ்டில் ஹார்லெம் வீக். 1974இல் ‘ஹார்லெம் டே’ என்று ஒரே ஒரு நாளாகத் தொடங்கியது, இன்று பல நாள் திருவிழா; பெயரில் மட்டும் இன்னும் ‘வாரம்’. செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு ஆப்பிரிக்க அமெரிக்கர் தின ஊர்வலம். 1969இலிருந்து நடப்பது, பள்ளிப் பிள்ளைகளின் பேண்டு வாத்தியக் குழுக்கள் அகலமான நிழற்சாலையில் அடித்துக்கொண்டு போவார்கள். ஒரே ஒரு தேதி சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மடக்கு நாற்காலி போட்டு, ஐஸ் பெட்டியோடு குடும்பம் குடும்பமாக நடைபாதையில் உட்கார்ந்திருப்பார்கள். தேர் பார்க்க வந்த கூட்டம் போலவே இருக்கும்.

மே 19 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸின் பிறந்தநாள். அன்று மதியம் 1 மணியிலிருந்து 4 மணி வரை 125ஆம் தெருக் கடைகளை அடைக்கச் சொல்லி ஊர்வலம் போவது பல வருட வழக்கம். ஷாப்பிங் என்று நினைத்துப் போனவர்கள் முழிப்பார்கள். இதைப் பார்க்கவே போகலாம் என்பது என் கட்சி.

2. ரயிலும் தெருப் பெயரும்

நியூஜெர்சிப் பக்கமிருந்து வருபவர்கள் பென் ஸ்டேஷனில் இறங்கி 2 அல்லது 3 எண் சப்வே பிடிக்க வேண்டும். 1ஆம் எண்ணில் ஏறிவிடாதீர்கள். 96ஆம் தெரு வரை மூன்றும் ஒரே தடம், அதற்கப்புறம் 1 பிராட்வே பக்கம் போய்விடும். இறங்க வேண்டியது 135ஆம் தெரு. டிக்கெட்டுக்கு வரிசை வேண்டாம், வாசலில் வங்கி அட்டையையோ போனையோ தட்டினால் போதும்.

மேலே வந்ததும் பெயர்க் குழப்பம் தொடங்கும். பலகையில் மால்கம் எக்ஸ் பொலிவார்டு என்றிருக்கும், ஊர்க்காரர்கள் லெனாக்ஸ் என்பார்கள். ஏழாம் அவென்யூதான் ஆடம் கிளேட்டன் பவல் ஜூனியர் பொலிவார்டு. எட்டாவது, ஃபிரெடரிக் டக்ளஸ் பொலிவார்டு. 125ஆம் தெருவுக்கு மார்ட்டின் லூதர் கிங் பெயரும் உண்டு. நம் ஊரில் மவுண்ட் ரோட்டை இன்னும் மவுண்ட் ரோடு என்கிறோமே, அது மாதிரி. வழி கேட்கும்போது இரண்டு பெயரும் தெரிந்திருந்தால் நல்லது.

தெற்கு வடக்காக இருபது தெரு கடந்தால் ஏறக்குறைய ஒரு மைல். நான் சொல்லும் வழி மொத்தம் மூன்று மைலுக்குள் வரும். வடக்கே தொடங்கித் தெற்கே இறங்கி வருவோம்.

3. ஷாம்பர்க்: இங்கேதான் தொடங்க வேண்டும்

ரயிலை விட்டு ஏறினால் எதிரிலேயே ஷாம்பர்க் மையம். நியூயார்க் பொது நூலகத்தின் கிளை, அனுமதி இலவசம். ஞாயிறு மூடியிருக்கும் (என்னைப் போல ஏமாறாதீர்கள்). பலர் அப்பல்லோ அரங்கத்தில் தொடங்கி, கால் வலித்த பிறகு இதை விட்டுவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்.

ஆர்த்துரோ ஷாம்பர்க் 1874இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். கறுப்பர்களுக்கு வரலாறு என்று ஒன்று கிடையாது என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் சொன்னதுதான் அவரைத் தேட வைத்தது என்பார்கள். நியூயார்க் வங்கி ஒன்றில் தபால் பிரிவில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய புத்தகம், கையெழுத்துப் பிரதி, ஓவிய அச்சு என்று ஆயிரக்கணக்கில் சேர்த்தார். 1926இல் கார்னகி நிதியிலிருந்து 10,000 டாலர் கொடுத்து நூலகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. உட்சன் வரலாற்று வாரத்தைத் தொடங்கியதும் அதே வருடம்தான். பின்னர் ஷாம்பர்க்கே இங்கு பொறுப்பாளராக வந்து, 1938இல் இறக்கும்வரை இருந்தார்.

உள்ளே போனதும் தரையைப் பாருங்கள். பளபளக்கும் கல்தரையில் பித்தளைக் கோடுகளும் எழுத்துகளுமாக ஒரு பெரிய வட்டம். கோடுகள் ஆறுகள். நடுவில், தரைக்குக் கீழே, கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் அஸ்தி இருக்கிறது. ஆறுகளைப் பற்றிய அவருடைய கவிதைதான் அந்த வட்டத்தின் கரு. ஹியூஸ்டன் கான்வில் என்ற கலைஞரும் கூட இருவரும் சேர்ந்து செய்தது. 1991 திறப்பு விழாவில் அதன் மேலேயே எழுத்தாளர்கள் மாயா ஏஞ்சலோவும் அமிரி பராக்காவும் கைகோத்து ஆடிய புகைப்படம் பிரசித்தம். எனக்கு அஸ்தி என்று தெரிந்ததும் கால் தானாகப் பின்வாங்கியது. செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு நொடி தடுமாறினேன். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் அந்த வட்டத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும்தான் இதற்காகத்தான் இதைத் தரையில் வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. நடக்கலாம், தாராளமாக.

ஆரன் டக்ளஸ் 1934இல் தீட்டிய நான்கு பெரிய ஓவியங்களும் இந்த மையத்துக்குச் சொந்தம். ஆப்பிரிக்கா, அடிமை வாழ்வு, விடுதலை, நகரத்துக்குக் குடிபெயர்தல் என்று நகரும் கதை, பச்சையும் ஊதாவுமான நிழலுருவங்களில். கண்காட்சி என்னவென்று முன்னாலேயே இணையதளத்தில் பாருங்கள். மாலை நிகழ்ச்சிகள் பல இலவசம்தான், ஆனால் பெயர் பதிய வேண்டும், சீக்கிரம் நிரம்பிவிடும்.

வெளியே வந்து சாலைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தால் ஹார்லெம் மருத்துவமனை. கண்ணாடி முகப்பு முழுக்க ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய கறுப்பின முகங்கள். 1936இல் அரசு வேலைத்திட்டத்தில் கறுப்பின ஓவியர்கள் இந்த மருத்துவமனைக்குச் சுவரோவியம் தீட்ட வரைவு கொடுத்தபோது, அதில் கறுப்பர் விஷயம் அதிகமாக இருக்கிறது என்று நிர்வாகம் தட்டிக் கழித்தது. கலைஞர்கள் போராடித்தான் வரைந்தார்கள். இன்று வெர்ட்டிஸ் ஹேய்ஸ் தீட்டிய அதே ஓவியத்தைப் பெரிதாக்கிக் கட்டடத்துக்கே முகமாக வைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்கக் காசும் வேண்டாம், கதவும் திறக்க வேண்டாம்.

4. ஞாயிறு என்றால் தேவாலயம்

சனிக்கிழமை போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம்.

138ஆம் தெருவில் அபிசீனியன் பாப்டிஸ்ட் தேவாலயம். சபை 1808இல் தொடங்கியது, இப்போதைய கட்டடம் 1923. ஆடம் கிளேட்டன் பவல் தந்தையும் மகனும் இங்கேதான் போதகர்களாக இருந்தார்கள். மகன் நாடாளுமன்றத்துக்கும் போனார். காஸ்பல் என்ற கிறிஸ்தவ பக்திப் பாட்டைக் கேட்கச் சுற்றுலாப் பயணிகள் வரிசை கட்டும் இடம். பக்கத்தில் 137ஆம் தெருவில் மதர் ஏ.எம்.இ. சீயோன், அது இன்னும் பழையது, 1796இல் உருவான சபை.

நம் கோயிலில் அர்ச்சனை நடக்கும்போது யாராவது அரைக்கால் சட்டையோடு வந்து கேமராவைத் தூக்கினால் நமக்கு எப்படி இருக்கும், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கால் சட்டை, புடவை, சல்வார் எல்லாம் சரி. படம் பிடிக்கக் கூடாது. உண்டியல் தட்டு வரும்போது கொஞ்சம் பணம் போடுங்கள். பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கும்போது எழுந்து போவதுதான் வெளியாட்கள் செய்யும் பெரிய தப்பு. பிரசங்கம் நீளும், ஆனால் அதிலும் பாட்டு இருக்கிறது. போதகர் ஒரு வரி சொல்வார், சபை பதில் கொடுக்கும், குரல் ஏறும், ஆர்கன் நடுவில் நுழையும். வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. பெரிய தேவாலயத்தில் இடம் கிடைக்கவில்லையென்றால் கவலைப்படாதீர்கள். அந்த வட்டாரத்தில் சிறிய சபைகள் ஏராளம். சின்ன இடத்தில் யாராவது வந்து கைகொடுத்து, எந்த ஊர் என்று கேட்பார்கள்.

5. ஏழாம் அவென்யூவில் தெற்கே

138, 139ஆம் தெருக்களின் மேற்குப் பக்கம் ஸ்ட்ரைவர்ஸ் ரோ. 1890களில் கட்டிய அழகான வரிசை வீடுகள். கறுப்பர்களுக்கு விற்க மாட்டோம் என்று பல வருடம் பூட்டியே வைத்திருந்து, கடைசியில் 1919, 1920 வாக்கில்தான் விற்றார்கள். குதிரையை நடத்திச் செல்லவும் என்ற பழைய எழுத்து வாயில் தூணில் இன்னும் இருக்கிறது. பத்து நிமிடம் போதும். ஆட்கள் குடியிருக்கும் வீடுகள், படியில் உட்கார்ந்து போஸ் கொடுக்க வேண்டாம்.

பிறகு நேராகத் தெற்கே நடங்கள். 131ஆம் தெருப் பக்கம் முன்பு ஒரு மரம் நின்றது. வேலை தேடிய நடிகர்களும் பாடகர்களும் ராசிக்காக அதைத் தொட்டுவிட்டுப் போவார்கள். நம்பிக்கை மரம் என்றே பெயர். 1934இல் சாலையை அகலப்படுத்தியபோது வெட்டினார்கள். அதன் ஒரு துண்டு எங்கே போனது என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

6. 125ஆம் தெரு

ஏழாம் அவென்யூ முனையில் வெள்ளையாக உயர்ந்து நிற்பது தெரசா. இப்போது அலுவலகக் கட்டடம், அப்போது ஓட்டல். 1960 செப்டம்பரில் ஐ.நா. கூட்டத்துக்கு வந்த ஃபிடல் காஸ்ட்ரோ நகரின் நடுவே இருந்த ஓட்டலை விட்டுக் கிளம்பி இங்கே வந்து தங்கினார். மால்கம் எக்ஸ் வந்து பார்த்தார், சோவியத் தலைவர் குருஷ்சேவ் வந்தார், நேருவும் வந்தார்.

இன்னும் கொஞ்சம் மேற்கே, தெற்குப் பக்கத்தில் பழைய புளூம்ஸ்டீன் கடைக் கட்டடம். 1934இல் ‘வேலை தராத கடையில் வாங்காதே’ என்று ஹார்லெம் மக்கள் மறியல் செய்து வென்ற இடம். 1958 செப்டம்பர் 20 அன்று மார்ட்டின் லூதர் கிங் இங்கே புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, மனநிலை சரியில்லாத ஒரு பெண் கடிதம் பிரிக்கும் கத்தியால் நெஞ்சில் குத்தினார். கத்தியின் முனை பெருந்தமனியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தும்மியிருந்தால் உயிர் போயிருக்கும் என்றார்கள். காலையில் நாம் பார்த்த அதே ஹார்லெம் மருத்துவமனையில்தான் காப்பாற்றினார்கள். உடம்பு தேறிய கையோடு, பல நாளாகத் தள்ளிப் போட்டிருந்த இந்தியப் பயணத்தை 1959 பிப்ரவரியில் தொடங்கினார். அந்தப் பயணத்தில் கன்னியாகுமரிக்கும் போனார். அங்கே கண்ட அஸ்தமனத்தையும் நிலவையும் பிறகு பிரசங்கத்தில் சொன்னார். நான் அப்பாவிடம் இந்தக் கதையை அந்த நடைபாதையிலேயே நின்று சொன்னேன். நாகர்கோவில்காரர், கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

எதிர்வரிசையில் அப்பல்லோ. 1914இல் கட்டிய அரங்கம், 1934 வரை கறுப்பர்களை உள்ளே விடாத அரங்கம். அந்த வருடம் நிர்வாகம் மாறியது, புதன்கிழமை இரவு புதியவர்கள் போட்டி பெயரெடுத்தது. நவம்பரில் 17 வயதுப் பெண் ஒருத்தி நடனமாட வந்தாள். முந்தைய ஜோடி ஆடிய ஆட்டத்தைப் பார்த்து உதறலெடுத்து, ஆடாமல் பாடினாள், பரிசு பெற்றாள். அவள்தான் பின்னாளில் ஜாஸ் பாடகியாகப் புகழ்பெற்ற எலா ஃபிட்ஸ்ஜெரால்ட். மேடை ஓரத்தில் வைத்திருக்கும் மரத்துண்டைத் தடவிவிட்டுத்தான் போட்டியாளர் வருவார். நாம் விட்டு வந்த நம்பிக்கை மரத்தின் துண்டு அதுதான். நீதிபதி பார்வையாளர்களே. பிடித்தால் ஆரவாரம், பிடிக்காவிட்டால் ‘பூ’ என்று கூச்சல். கூச்சல் ஏறினால் ஒருவர் துடைப்பத்தோடு ஆடிக்கொண்டே வந்து பாடகரைக் கூட்டித் தள்ளிவிடுவார். சிறுவர் பாடினால் மட்டும் கூச்சல் கிடையாது. போனால் அமைதியாக உட்காராதீர்கள், அங்கே அதுதான் மரியாதைக் குறைவு. பழைய அரங்கத்தை 2025 கோடையில் புதுப்பிப்பதற்காக மூடி, பக்கத்து விக்டோரியா கட்டடத்து மேடைகளில் நிகழ்ச்சிகளை வைத்தார்கள். அதனால் எந்த மேடை என்று சீட்டு வாங்கும்போதே கவனியுங்கள்.

கலையில் ஆர்வமுள்ளவர்கள் இதே தெருவில் கிழக்கே, ஸ்டுடியோ மியூசியத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். 1968இல் தொடங்கியது, 2025 நவம்பரில் புதுக் கட்டடம் திறந்தார்கள். வாசலில் பறக்கும் அமெரிக்கக் கொடி சிவப்பு, கறுப்பு, பச்சை நிறத்தில் இருந்தால் அது கலைஞர் டேவிட் ஹாமன்ஸின் படைப்பு.

7. வாயை எப்போது திறப்பது

இது நடுவில் வரும் படி, ஆனால் கிளம்பும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். நம் பழைய பாடப்புத்தகங்களில் ‘நீக்ரோ’ என்று சாதாரணமாக இருக்கும். உட்சன் காலத்தில் அவர்களே பயன்படுத்திய சொல்தான். இன்று அப்படியில்லை. அப்பா சப்வேயில் தமிழில்தானே பேசுகிறோம் என்ற தைரியத்தில் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னார். எதிரில் இருந்த பெரியவர் தலை நிமிர்ந்து பார்த்தார். எந்த மொழிக்கு நடுவில் வந்தாலும் அந்தச் சொல் காதில் விழும். கறுப்பர்கள், கறுப்பின மக்கள் என்று சொல்லிப் பழகுங்கள். நம்மாட்கள் கேலியாகச் சொல்லும் மற்ற சொற்களை நான் இங்கே எழுதப்போவதில்லை, வீட்டோடு விட்டுவிடவும் சொல்ல மாட்டேன், வீட்டிலும் வேண்டாம்.

125ஆம் தெரு நடைபாதையில் ஊதுவத்தி, ஷியா வெண்ணெய், அத்தர், புத்தகம் என்று மேசை போட்டிருப்பார்கள். படம் எடுக்க நினைத்தால் கேட்டுவிட்டு எடுங்கள். ஏதாவது வாங்கிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

8. சாப்பாடு

லெனாக்ஸில் 126க்கும் 127க்கும் நடுவே, 1962இலிருந்து இருக்கும் சில்வியாஸ் உணவகம் புகழ்பெற்றது. ஞாயிறு மதியம் நீண்ட வரிசை. கோழி வறுவல், சோளரொட்டி, சர்க்கரைவள்ளி, மெக்கரோனி. சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சோல் ஃபுட் என்னும் கறுப்பின மக்களின் பாரம்பரியச் சமையல் கடைகளில் கீரை என்று நம்பி வாங்காதீர்கள். காலர்டு கீரையைப் பன்றி எலும்போ புகைபோட்ட வான்கோழியோ போட்டு வேகவைப்பது பழைய முறை. தட்டைப்பயறும் அப்படித்தான். கேட்டுவிட்டு வாங்குங்கள். தட்டைப்பயறும் வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தவை. புத்தாண்டு அன்று பயறும் அரிசியும் சேர்த்துச் சமைத்துத் தின்றால் வருடம் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

என் விருப்பம் 116ஆம் தெரு. மேற்கு ஆப்பிரிக்கக் குடியேறிகளின் வட்டாரம், குட்டி செனெகல் என்பார்கள். அங்கே மீனும் காய்கறியும் தக்காளியும் போட்டு ஒரே பானையில் ஆக்கும் சோறு கிடைக்கும், பெயர் செபுஜென். அரிசியைப் பார்த்ததும் அப்பா கண்டுபிடித்துவிட்டார்: “நொய்யில்லா இது!” நொய்யேதான், அவர்கள் விரும்பி வாங்குவதே உடைந்த அரிசியைத்தான்.

9. சிலை, பூங்கா, சந்தை

122ஆம் தெருவில் ஹாரியட் டப்மன் சிலை. அடிமைத்தளையிலிருந்து தப்பி, திரும்பத் திரும்பத் தெற்கே போய் மற்றவர்களையும் மீட்டு வந்தவர். அலிசன் சார் செய்த வெண்கலச் சிலை, 2008. பாவாடையில் கையை வைத்துப் பாருங்கள், அதில் சின்னச் சின்ன முகங்கள் புடைத்திருக்கும். பின்னால் வேர்கள் பிடுங்கிக்கொண்டு வரும். சிலை தெற்கு நோக்கி நிற்கிறது. வடக்கே அல்லவா விடுதலை, திருப்பி வையுங்கள் என்று ஊர்க்காரர்கள் மனுப் போட்டார்கள். மீட்கப் போகிறவள் தெற்கேதான் பார்ப்பாள் என்பது கலைஞரின் பதில். நான் அந்தச் சிற்பியின் கட்சி.

கிழக்கே மார்கஸ் கார்வி பூங்கா. 1969 கோடையில் இங்கே ஆறு ஞாயிறு இலவசக் கச்சேரி, மொத்தம் மூன்று லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு. ஜூலை 20, மனிதன் நிலவில் இறங்கிய அதே நாளில், இங்கே பாடகர் ஸ்டீவி வொண்டர் வாசித்துக்கொண்டிருந்தார். கச்சேரியைப் பதிவு செய்த வீடியோ நாடாக்களை ஏறக்குறைய ஐம்பது வருடம் யாரும் சீந்தவில்லை.

அதே காலத்திலிருந்து கோடைச் சனிக்கிழமைகளில் இங்கே பறையடிப்பவர்கள் வட்டமாகக் கூடி வாசிக்கிறார்கள். 2000களின் பிற்பகுதியில் பக்கத்தில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக்குக் குடிவந்தவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் வந்தது, வாசிப்பவர்களைப் பூங்காவுக்குள்ளேயே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். வாடகை ஏறி, பழைய ஆட்கள் வெளியேறும் வட்டாரத்தில் அந்தச் சத்தம் யாருடையது என்பது சின்ன விஷயமல்ல. வட்டத்துக்கு வெளியே நின்று கேளுங்கள். கூப்பிட்டால் ஆடுங்கள். மேளத்தை வாங்கி நாமும் தட்டிப் பார்ப்போம் என்று நீங்களாக நுழைய வேண்டாம்.

கடைசியாக 116ஆம் தெருவில் மால்கம் ஷபாஸ் சந்தை. 1994இல் 125ஆம் தெருவிலிருந்து நகர நிர்வாகம் அப்புறப்படுத்திய நடைபாதை வியாபாரிகளுக்குக் கிடைத்த இடம். பச்சைக் குவிமாடத்தோடு தெரியும் பள்ளிவாசல்தான் நடத்துகிறது. துணி, மணி, கூடை, தோல் பை. பேரம் பேசலாம், நம் திறமையைக் காட்டலாம், ஆனால் பாதி விலையில் தொடங்காதீர்கள். அம்மாவுக்கென்று அப்பா அங்கே ஒரு மஞ்சள் மெழுகுச்சாயத் துணி வாங்கினார். ஜாக்கெட்டுக்கு எத்தனை கெஜம் என்று கடைக்கார அம்மாவிடம் தமிழிலேயே கேட்டார், அந்த அம்மா கையால் அளந்து காட்டினார், சரியாக இருந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு லெனாக்ஸ் முனைக்கு வாருங்கள், 116ஆம் தெரு நிலையம் அங்கேயே இருக்கிறது. படி இறங்கும் முன் பலகையில் டவுன்டவுன் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 2, 3 எது வந்தாலும் பென் ஸ்டேஷன் போகும்.